பேராதனை வளாகத்தை நடந்தே பார்ப்பது எப்படி

பிள்ளைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் நம்ம மலையகத் தோட்டப் பக்கத்தில் வான் பிடித்துக் குடும்பமே கிளம்பிவிடும். பெட்டியை விடுதி வாசலில் இறக்கி, நிர்வாகம் நடக்கிற செனட் கட்டடத்துக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து, அப்புறம் நேரே பூந்தோட்டத்துக்கு. இது வளாகம் பார்த்த கணக்கில் வராது. அரை நாள் ஒதுக்குங்கள், நடங்கள்.

ஹட்டன் பக்கமிருந்து ரயிலில் வந்தால் சரசவி உயனவில் இறங்கலாம், வளாகத்துக்குள்ளேயே இருக்கிற ஸ்டேஷன். ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது, டிக்கட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் என்றால் கலஹா சந்தி. காலையிலேயே வந்துவிடுவது நல்லது, பின்னேரம் ஹந்தானை மலையில் மேகம் கட்டினால் குடை எல்லாம் சும்மா. முதல் வருடம் நான் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறிய அன்று உள்ளே இருந்த துவாய்கூட நனைந்துவிட்டது.

முதலில் செனட். கண்டி அரசர்களின் சபை மண்டபமான மகுல் மடுவ பார்த்தவர்களுக்குத் தூண் வரிசையைக் கண்டதுமே பிடிபடும், அதை மனதில் வைத்துத்தான் இதைக் கட்டினார்கள். அங்கே மரம், இங்கே கல். வாசலில் அரைவட்டமாகச் செதுக்கிய சந்திரவட்டக்கல் இருக்கிறது, பிள்ளைகளை அதில் ஏறி ஆட விடாதீர்கள். அங்கிருந்தே கூரைகளைக் கவனியுங்கள். மேலே செங்குத்தாக இறங்கி, பாதியில் சாய்வு குறைந்து, சுவரைத் தாண்டி வெளியே நீளும். பார்க்க அழகு, அதோடு மலைநாட்டு மழையைச் சுவரில் படாமல் தூக்கிப் போடுகிற வேலையும் அதற்குத்தான். வளாக அமைப்பைத் திட்டமிட்டவர்கள் அபர்குரோம்பியும் ஹொலிடேயும், கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். வளாகத்தில் அல்விஸ் குளம் என்று இருப்பது அவர் பெயரில்தான்.

விடுதிகளைப் பார்க்கும்போது பெயர்ப் பலகையை வாசிக்காமல் கடக்காதீர்கள். ராமநாதன், ஜயதிலக, மார்ஸ், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா என்று வரிசை நீளம். நமக்கு நின்று பார்க்க வேண்டியது அருணாசலம் விடுதி. சேர் பொன்னம்பலம் அருணாசலம், ராமநாதனின் தம்பி. நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இலேயே சங்கம் அமைத்து வாதாடியவர். அதைவிட நம்ம ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்துக்கு எதிராகக் குரல் கொடுத்ததும் அவர்தான். 1924 இல் அவர் காலமானார், பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியது 1942 இல், பேராதனைக்கு வந்தது 1952 இல். லயத்திலிருந்து, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வந்த பிள்ளைகள் அந்தப் பெயருள்ள வாசலால் போய் வருகிறார்கள், அதை வீட்டுப் பெரியவர்களுக்கு அங்கேயே நின்று சொல்லுங்கள்.

உள்ளே போக நினைக்காதீர்கள். விடுதிப் பொறுப்பாளரான வாடனின் அனுமதி இல்லாமல் வெளியாள் நுழைய முடியாது, பெண்கள் விடுதியில் அப்பாவாக இருந்தாலும் வரவேற்பறையோடு சரி. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர், அந்த மாதிரியில்தான் விடுதி வாழ்க்கையை அமைத்தார். இன்றைக்கு அறைக்குள் கட்டில் போட இடம் தேடுகிற பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், சிரிக்கும்.

கால் வலித்தால் சரச்சந்திர திறந்தவெளி அரங்கின் படியில் உட்காருங்கள், மாணவர்கள் அதை ‘வள’ என்பார்கள், சிங்களத்தில் குழி என்று அர்த்தம். மழைக்குப் பிறகு என்றால் காலைச் சோதித்துக்கொள்ளுங்கள், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அட்டையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக வளாகத்து முருகன் கோயிலான குறிஞ்சிக்குமரன் கோயில். மேட்டில் இருக்கிறது, பாட்டிமாரை மெதுவாகக் கூட்டிப் போங்கள். போகும் முன் நடை திறக்கும் நேரத்தை அங்கே படிக்கிற ஒரு பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள், நாங்கள் ஒருமுறை தேங்காயோடு போய்ப் பூட்டிய கதவைக் கும்பிட்டு வந்தோம்.