நச்சுப்பொருள் பாதிப்பு: இழப்பீட்டைக் கோட்டைவிடுவது எங்கே?

கல்நார்த் தூசியை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவருக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வருடமும் ஆகாது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்குள் கம்பெனி மூடியிருக்கும், இல்லையென்றால் பெயர் மாறி வேறு கைக்குப் போயிருக்கும், கூட வேலை பார்த்தவர்களில் பலர் உயிரோடு இருக்க மாட்டார்கள். நியாயமாகக் கிடைக்க வேண்டிய இழப்பீடு கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்த நீண்ட இடைவெளியில்தான்.

முதல் தவறு டாக்டரின் அறையிலேயே நடக்கிறது. இருமல், மூச்சு வாங்குகிறது என்று போகிறவர் இப்போது செய்யும் வேலையை மட்டும் சொல்கிறார். இருபத்தைந்து வயதில் மூன்று வருடம் கப்பல் உடைத்ததையோ, கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார் சுற்றியதையோ, கல் அறுத்ததையோ சொல்வதில்லை, டாக்டரும் கேட்பதில்லை. கல்லிலும் மணலிலும் இருக்கும் சிலிக்காவின் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயை எக்ஸ்ரேயில் பார்த்துக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது இப்படித்தான். (சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் பிடிக்கவும் செய்யும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.) கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், சொன்னதை மருத்துவக் குறிப்பில் எழுதவும் சொல்லுங்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் புரட்டிப் பார்க்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.

ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பது அடுத்தது. கல்நாருக்கு அப்படி ஒரு ரத்தப் பரிசோதனையே கிடையாது. எக்ஸ்ரே, ஸ்கேன், நுரையீரல் திறன் சோதனை, தேவைப்பட்டால் பயாப்சி என்றுதான் போக வேண்டும். ஈயத்தின் அளவு ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், ஆனால் எலும்புக்குள் பல வருடம் தங்கும், அதனால் வேலையை விட்டு ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் அளவு குறைவாக இருந்தால் பாதிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற ரசாயனத்தின் தடயம் சிறுநீரில் ஓரிரு நாளிலேயே மறைந்துவிடும். கசிவு, விபத்து என்றால் உடனே பரிசோதனைக்குப் போய்விடுங்கள். ஆர்சனிக் அளவு பார்க்கச் சிறுநீர் கொடுப்பதற்கு முந்தைய சில நாட்கள் மீன், இறால் வேண்டாம், அவற்றில் இருக்கும் பெரிதாகத் தீங்கு செய்யாத ஆர்சனிக் வகை கணக்கைக் கெடுத்துவிடும்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. எந்தக் கம்பெனியில், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்தப் பிரிவில், எந்தப் பொருளைத் தொட்டு வேலை செய்தீர்கள், முகமூடி கொடுத்தார்களா, தூசியை உலர்வாகப் பெருக்கினார்களா தண்ணீர் தெளித்தார்களா, கூட இருந்தவர்கள் யார் யார்: இதையெல்லாம் நினைவு நன்றாக இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பழைய குழுப் புகைப்படம், எதையும் தூக்கிப் போடாதீர்கள். மூட்டையில் அச்சிட்டிருந்த பெயர்கூட முக்கியம், ஏனென்றால் வேலைக்கு வைத்த முதலாளி மட்டும்தான் பொறுப்பு என்று இல்லை. கிளாரன்ஸ் போரெல் என்ற அமெரிக்கத் தொழிலாளி, ஆபத்தை எச்சரிக்கவில்லை என்று கல்நார்ப் பொருட்களைத் தயாரித்த நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார். 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, அப்போது அவர் உயிரோடு இல்லை. இந்தியாவிலும் 1995-இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. இப்படி விதி இருக்கும் இடங்களில் அந்தப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள், வாயால் கேட்டால் பதிலே வராது.

"நான் ஆலையில் வேலை செய்யவில்லையே" என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. 1965-இல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றில், மீசோதீலியோமா வந்தவர்களில் வேலைக்குப் போனவர்களின் உடுப்பைத் துவைத்த வீட்டுப் பெண்களும் ஆலைக்கு அருகே குடியிருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் இழப்பீடு கேட்க வழி உண்டா என்பதை வக்கீலிடம் விசாரிக்காமல் விடக் கூடாது.

புகைபிடித்தவர்களைக் குற்ற உணர்ச்சியே மௌனமாக்கிவிடுகிறது. மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பே இல்லை. நுரையீரல் புற்றுநோயில் புகையும் கல்நாரும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது, அதில் கல்நாரின் பங்கு இல்லாமல் போய்விடாது. நான்கு கம்பெனியில் வேலை பார்த்தேன், யார் தூசியால் வந்தது என்று எப்படிக் காட்டுவேன் என்று கைவிடுவதும் இதே மாதிரிதான்: மீசோதீலியோமா வழக்கு ஒன்றில், ஆபத்தைக் கணிசமாகக் கூட்டியிருந்தாலே அந்த முதலாளி பொறுப்பு என்று 2002-இல், அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது.

காலவரம்பில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. வேலையை விட்டு முப்பது வருடம் ஆகிவிட்டதே, இனி என்ன என்று சிலர் முயற்சியே செய்வதில்லை. பல நாடுகளில் நோய் வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது, பிரிட்டனில் அது பொதுவாக 3 ஆண்டுகள். இன்னும் சிலர் சிகிச்சை முடியட்டும் என்று அந்தக் காலத்தையும் ஓட்டிவிடுகிறார்கள். அப்புறம் கையெழுத்து. லேசான பாதிப்புக்கு ஒரு தொகை கொடுத்து "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டால், பத்து வருடம் கழித்துப் புற்றுநோய் வரும்போது கதவு அடைபட்டிருக்கும். பிற்பாடு நோய் முற்றினால் திரும்பக் கேட்கலாம் என்ற நிபந்தனையோடு இழப்பீடு வாங்கச் சில நாடுகளில் வழி இருக்கிறது, அதை வக்கீலிடம் கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

சொல்லவே கஷ்டமாக இருக்கும் ஒன்று. நோயாளி இறந்துவிட்டால், வேலையால் வந்த நோய் என்ற சந்தேகம் இருக்கும் பட்சத்தில், அடக்கத்துக்கு முன்பே பிரேதப் பரிசோதனை பற்றிக் குடும்பம் பேசிவிட வேண்டும். 1924-இல் இங்கிலாந்தில் கல்நார் நூற்பாலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷா 33 வயதில் இறந்தார். நோய்க்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் இழப்பீட்டை மறுத்திருந்தது. அவருடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் வில்லியம் குக் அதற்குள் கல்நார்த் துகள்களைக் கண்டு எழுதி வெளியிட்டார், 1931-இல் பிரிட்டனில் கல்நார்த் தொழிலுக்கென்று தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. பயாப்சிக்கு எடுத்த திசுவை மருத்துவமனைகள் காலத்துக்கும் வைத்திருக்காது, அழிக்க வேண்டாம் என்று இன்றைக்கே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வையுங்கள்.