பள்ளி விளையாட்டு, கிளப், சமூக சேவை: சேர்ந்த பிறகு செய்யும் தவறுகள்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் அணிகளோடும் கிளப்புகளோடும் நெடுநாளாகப் பழகி வருகிறேன். ஒவ்வொரு கல்வியாண்டும் புது முகங்கள் வருகின்றன, தவறுகள் மட்டும் பழையவை, எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள். நேரத்துக்கு வா, கோச்சிடம் மரியாதையாகப் பேசு, கண்ட கிளப்பிலெல்லாம் பெயர் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். உழைக்கிற பிள்ளைகள் நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகள் வேறு. அவற்றை யாரும் கண்டிப்பதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

கேட்காமல் உதவப் போவது

இதை முதலில் வைக்கக் காரணம், இன்றும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சேவை கிளப்பின் முதல் கூட்டம் நடக்கும். இந்த வருடம் என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்பார். புத்தகம் திரட்டலாம், சுவருக்கு வண்ணம் அடிக்கலாம், முதியோர் இல்லத்தில் பாட்டுப் பாடலாம் என்று யோசனைகள் வந்து விழும். வாக்கெடுப்பு நடக்கும், போஸ்டர் தயாராகும், டிஷர்ட் டிசைன்கூட வாட்ஸப் குழுவுக்கு வந்துவிடும். யாருக்காக இத்தனையும் செய்கிறோமோ அவர்களில் ஒருவரிடம்கூட அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கிளப், தொடக்கப் பள்ளி ஒன்றின் நூலகத்துக்குப் புத்தகம் திரட்டியது. மாணவர்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார்கள், அதில் குறை சொல்லவே முடியாது. வீடு வீடாக ஏறி இறங்கி, பெட்டி பெட்டியாகச் சேர்த்து, கொண்டுபோய் இறக்கிவிட்டு, வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். சில வாரங்கள் கழித்து வேறு வேலையாக நான் அங்கே போனபோது, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் மூலையை அடைத்துக்கொண்டு அந்தப் பெட்டிகள் அப்படியே கிடந்தன. நூலகர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பாடத்திட்டம் மாறிப்போன நுழைவுத் தேர்வு கைடுகள், பாதிவரை பேனாவால் நிரப்பிய பயிற்சிப் புத்தகங்கள், அட்டை கிழிந்த கம்ப்யூட்டர் பாடநூல், ஒரு பழைய டெலிபோன் டைரக்டரி. ஏழு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கலாம் என்று தேறியவை மூன்றோ நான்கோதான். மிச்சத்தைப் பிரித்துப் பழைய பேப்பருக்குப் போடும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. “பிள்ளைங்க ஆசையா கொண்டுவந்தாங்க, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?” என்றார்.

சிக்கலே இந்தப் பதிலில்தான் இருக்கிறது. உதவி பெறுகிறவர் உங்கள் முகம் வாடக் கூடாது என்று பார்ப்பாரே தவிர, செய்தது தவறு என்று சொல்ல மாட்டார். ஆட்டத்தில் பந்தைக் கோட்டைவிட்டால் அடுத்த நொடியே ஸ்கோர் சொல்லிவிடும். சேவையில் கோட்டைவிட்டால் நன்றி சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள், நீங்களும் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த வருடமும் அதையே செய்வீர்கள்.

சரி, அந்த நூலகருக்கு உண்மையில் என்னதான் தேவைப்பட்டது? நான் கேட்டதும் யோசிக்காமல் சொன்னார். வாரம் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம், இரண்டே பேர். ஒருவர் முதுகு பிரிந்த புத்தகங்களை ஒட்ட வேண்டும், இன்னொருவர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் படிப்பதைக் கேட்க வேண்டும். கிளப்பில் வந்து சொன்னபோது உற்சாகம் வடிந்துவிட்டது. இத்தனை பேர் இருக்கும்போது இரண்டு பேருக்குத்தான் வேலையா என்று முணுமுணுப்பு. கடைசியில் இரண்டு மாணவிகள் போனார்கள்.

ஒட்டும் வேலைக்குப் போன பெண், கூட்டத்தில் வாயே திறக்காதவள். பசையை மெலிதாகத் தடவ வேண்டும், அதிகமானால் உள்ளே வழிந்து பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு மேலே பாரம் வைத்து மறுநாள்வரை தொடாமல் விட வேண்டும் என்பதையெல்லாம் இரண்டு மூன்று புத்தகங்களைப் பாழாக்கித்தான் கற்றாள். வருட முடிவில் அடுத்த செட்டுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான், குரல் நடுங்காமல். மற்றவள், தன் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பையன் வரியின் முடிவை எப்போதும் ஊகித்துச் சொல்வதையும், புத்தகத்தை மூக்குக்கிட்டே கொண்டுபோவதையும் கவனித்து ஆசிரியையிடம் சொன்னாள். படிப்பு வரவில்லை என்று எல்லோரும் நினைத்திருந்த பிள்ளைக்குத் தேவைப்பட்டது கண்ணாடி. இப்படிக் கவனிக்கிற பழக்கம் எந்தத் தலைமைப் பண்பு முகாமிலும் வருவதில்லை. ஒரே இடத்துக்கு, ஒரே ஆட்களிடம், திரும்பத் திரும்பப் போனால்தான் வரும். புத்தகம் திரட்டியவர்களுக்கும் அதே அளவு நல்ல மனசுதான், ஆனால் அந்த வருடத்தில் அவர்கள் கற்றது பெட்டி தூக்க மட்டும்.

ஆகவே கிளப் கூடுவதற்கு முன்பே இரண்டு பேர் நேரில் போங்கள். நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்காதீர்கள், எதுவானாலும் சரி என்றுதான் பதில் வரும். போன வாரம் எந்த வேலை முடியாமல் நின்றது, வெளியாட்கள் வந்துபோன பிறகு உங்களுக்கு என்ன வேலை மிஞ்சுகிறது என்று கேளுங்கள். எத்தனை மாதம் வர முடியும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். தேர்வுக் காலத்தில் வர முடியாது என்றால் அதையும் முதல் நாளே சொல்லுங்கள். வருவீர்கள் என்று நம்பி ஒரு சின்னப் பிள்ளை காத்திருக்கும் இடத்தில் சொல்லாமல் நின்றுபோவது, தொடங்காமலே இருப்பதைவிட மோசம்.

மணிக்கணக்கை எண்ணுவது

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேர சேவைவழிக் கற்றல் கட்டாயம். இப்படி ஓர் எண் வந்துவிட்டாலே கண் கடிகாரத்துக்குப் போய்விடும். ஐபி டிப்ளமா என்ற பன்னாட்டுப் பள்ளிப் படிப்பிலும் ஒரு காலத்தில் படைப்பு, உடற்செயல், சேவை என்ற பகுதிக்கு 150 மணி நேரம் என்று கணக்கு இருந்தது. பிறகு அந்தக் கணக்கை எடுத்துவிட்டு, குறைந்தது 18 மாதம் தொடர்ந்து ஈடுபட வேண்டும், செய்ததைப் பற்றி யோசித்து எழுத வேண்டும் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம். உங்கள் பள்ளி மணிக்கணக்கு கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் உங்கள் நோட்டில் எழுத வேண்டியது வேறு: இன்று யாரைப் பார்த்தேன், என்ன புரியவில்லை, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும். மூன்று வரி போதும், அன்றைக்கே எழுதினால். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப் விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகளுக்கு இடம் இருக்கிறது என்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பத்தை நிரப்பத் திட்டம் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். பத்தையும் நிரப்பியாக வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை.

தலைவர் ஆவதற்காகவே புது கிளப் தொடங்குவது

வேண்டாம். இருப்பதில் சேர்ந்து நாற்காலி எடுத்துப் போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அணியில் எடுக்காத அன்றே முடிவு கட்டுவது

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைப் பள்ளி அணியிலிருந்தே துரத்திவிட்டார்கள் என்ற கதையை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். நடந்தது அதுவல்ல. 1978இல் லேனி உயர்நிலைப் பள்ளியில் அவரை முதன்மை அணியில் எடுக்காமல், அதற்கு அடுத்த நிலை அணியில் போட்டார்கள். அங்கே பெஞ்சில் உட்காராமல் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆடினார், உயரமும் கூடியது, மறு சீசனில் மேலே வந்தார். அவமானத்தை வைராக்கியமாக மாற்றினார் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பதினைந்து வயதுக்காரருக்கு அதைவிடப் பயன்படுவது ஆடக் கிடைத்த அந்த ஒரு வருடம். இரண்டாம் அணியில் இடம் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற பிள்ளைகள் கோட்டைவிடுவது இதைத்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வயதுப் பிரிவுக்கான கெடு தேதி தாண்டிய உடனே பிறந்த பிள்ளைக்கும் அதே பிரிவின் கடைசி மாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கும். கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மீறி நிறைந்திருந்ததை 1980களில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் கோச் கண்ணில் திறமையாகப் படுவதில் கொஞ்சம் வெறும் உயரமும் எடையும்தான். ஆகவே எடுக்கவில்லையா, கோச்சிடம் போய் எந்த இரண்டு விஷயத்தில் முன்னேற வேண்டும் என்று கேளுங்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் அவர் தன் முடிவை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார்.

வலியை விழுங்குவது

முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தாவும்போதும் ஓடும்போதும் வலிக்கிறதா? வேகமாக வளரும் வயதில் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற தொல்லை சகஜம், ஓய்வும் சரியான பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் தானே அடங்கும். மறைத்துக்கொண்டு ஆடினால் சீசனே போய்விடும். தலையில் அடிபட்டால் பேச்சே இல்லை. தலை சுற்றலோ குமட்டலோ குழப்பமோ இருந்தால் அன்றைக்கு அதற்குமேல் ஆடக் கூடாது, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் திரும்ப வேண்டும். கேப்டன்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் வலியை மறைத்தால் உங்களைப் பார்த்து ஜூனியர்களும் மறைப்பார்கள்.

வருடம் முழுக்க ஒரே ஆட்டம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 15, 16 வயதுவரையாவது ஒரே ஆட்டத்தில் முடங்க வேண்டாம் என்கிறது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வும் கேட்கிறது. என் அனுபவமும் அதேதான். வேறொரு ஆட்டத்தில் கற்றுக்குட்டியாக நிற்கத் தெரிந்த பிள்ளை, தன் சொந்த ஆட்டத்தில் புதிதாக வருகிறவர்களிடம் பொறுமையாக நடந்துகொள்கிறது.

தூக்கத்தில் கைவைப்பது

13 முதல் 18 வயதுவரை இரவில் 8 முதல் 10 மணி நேரம். குறைகிறதா, ஒரு கிளப்பை விடுங்கள்.

ஒப்படைக்காமல் போவது

நன்றாக நடந்த கிளப்புகள் சீனியர் செட் பள்ளியை விட்டுப் போன மறு வருடமே படுத்துவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது, போன வருடம் எது சொதப்பியது என்பதெல்லாம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்து, அவரோடே போய்விடுகிறது. எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிற பிள்ளையைப் பொறுப்பானவர் என்று ஆசிரியர்களும் பாராட்டுவதால் இது வளர்கிறது. முதல் மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் தொடர்பு எண்கள், செலவுக் கணக்கு, சொதப்பல்கள் மூன்றையும் எழுதிவையுங்கள், கடவுச்சொல்லைப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். கடைசி மூன்று மாதம் கூட்டம் நடத்துவதை ஜூனியரிடம் விட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். அவர் தடுமாறும்போது எழுந்து திருத்தக் கூடாது. கூட்டம் முடிந்ததும் அவராக வந்து கேட்டால், தனியாகச் சொல்லுங்கள்.