மோரிஸ் மைனர் கிளம்பாத காலையில்

என் கார் 1960 மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார், 948 சிசி. சிங்கப்பூரில் கிளாசிக் வாகனமாகப் பதிந்த காரைச் சாதாரணமாக ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். மீதி நாளெல்லாம் அது எங்கள் புளோக்கின் பலமாடிக் கார்ப்பார்க்கில் போர்வைக்குள் தூங்குகிறது. இந்த ஈரக் காற்றில் தூங்கித் தூங்கியே பாதிக் கோளாறு வந்துவிடும்.

நாற்பது வருஷம் கப்பல்களில் மின்வேலை பார்த்தவன் நான். ஆனாலும் முதல் முறை கார் கிளம்பாதபோது பேட்டரியை மாற்றினேன், காயிலை (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மாற்றினேன், எஞ்சினுக்குள் பொறி விடும் நாலு பிளக்கையும் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் குட்டி ஸ்விட்சான பாயிண்டின் முனையில் லேசாக ஒரு படலம். விசிட்டிங் கார்டால் தேய்த்ததும் பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து சோதிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

முதலில் எஞ்சின் சுழல்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டர் குமிழை இழுங்கள். விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது முனைகளில் பூத்திருக்கிறது. முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். விளக்கு மங்காமல் எரிந்து, எஞ்சினும் அசையவில்லை என்றால் ஸ்விட்ச், கேபிள், ஸ்டார்ட்டர், எஞ்சினைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டை இவற்றில் ஒன்றுதான். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ஜம்ப் கேபிளை மாட்டிப் பாருங்கள். சுழன்றால் எர்த் பட்டைதான் குற்றவாளி. ஸ்டார்ட்டர் மட்டும் விர்ரென்று ஓடி எஞ்சின் சும்மா நின்றால் அதன் பல்சக்கரம் அழுக்கில் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவுங்கள், எண்ணெய் போடாதீர்கள், தூசியைச் சேர்த்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் காரில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பக்கத்துப் புதுக் காரிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்றே மாட்டுங்கள். இரண்டு காரின் உடம்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையா? சரி, இனிமேல்தான் வேலை. ஒரு பிளக் வயரை மட்டும் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினில் தொடவைத்து, இன்னொருவரைக் குமிழை இழுக்கச் சொல்லுங்கள். எஞ்சினில் இருக்கும் பிளக்குகளைக் கழற்ற வேண்டாம். திறந்த துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் பொறி எதற்கு? எனக்கு உதவிக்கு வருவது மேல்மாடித் தம்பி. “அங்கிள், காயிலையே மாத்திடலாமே?” என்பான் ஒவ்வொரு தடவையும்.

நீலப் பொறி சடசடவென்று வந்தால் மின்பக்கம் பெரும்பாலும் சரி. வராவிட்டால் காயிலின் நடு வயரை, பொறியை நாலு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலிருந்து பிடுங்கி, காப்பிட்ட குறடால் பிடித்து, எஞ்சினிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். இங்கே பொறி வந்து பிளக்கில் வராவிட்டால் மூடியோ அதற்குள் சுழலும் ரோட்டரோதான் காரணம். மூடியின் உட்புறம் ஈரம் கோத்திருக்கும், அல்லது பென்சில் கோடு மாதிரி மெல்லிய கரிக்கோடு ஓடியிருக்கும். ஈரத்தைத் துடைத்துவிடலாம், கோடு விழுந்த மூடியை மாற்றத்தான் வேண்டும். வயர்களைக் கழற்றும் முன் குறித்துக்கொள்ளுங்கள்: பொறி போகும் சிலிண்டர் வரிசை 1, 3, 4, 2, ரோட்டர் இடஞ்சுழி.

நடு வயரிலும் பொறி இல்லையென்றால் டெஸ்ட் லேம்ப் (இரண்டு வயர் வைத்த சிறு பல்பு) எடுங்கள். லூக்காஸ் காயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று இரண்டு முனை உண்டு: முதலாவது சாவிப் பக்கம், இரண்டாவது பாயிண்ட் பக்கம். லேம்பின் ஒரு வயரை எர்த்தில் வைத்து, சாவியைப் போட்டு, எஸ்டபிள்யூவைத் தொடுங்கள். எரியாவிட்டால் காயிலுக்கு மின்சாரமே வரவில்லை. எரிந்தால் சிபிக்கு மாற்றி எஞ்சினைச் சுழற்றச் சொல்லுங்கள். மினுக்கினால் பாயிண்ட் வேலை செய்கிறது. அடுத்து கண்டென்சரையும் (பாயிண்ட் முனையில் பொறி பறக்காமல் தடுக்கும் சிறு உருளை) காயிலையும் சந்தேகப்படலாம். விடாமல் எரிந்தால் பாயிண்டின் இரு முனையும் சேர்ந்தபோதும் மின்சாரம் கடக்கவில்லை: என்னை ஏமாற்றிய அதே படலம், அல்லது அறுந்த வயர். எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் எர்த் ஆகிவிட்டது, அல்லது காயிலே உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், பிளக்குக்கு 0.64. எஞ்சின் ஓடாமல் சாவியை வெகுநேரம் போட்டு வைக்காதீர்கள், காயில் கொதிக்கும்.

பெட்ரோல் பக்கம் சுருக்கமாக: சாவி போட்டதும் பம்ப் டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் டேங்க் காலி அல்லது குழாயில் காற்று. பிளக் நனைந்திருந்தால் சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் குமிழ்) அதிகம் இழுத்திருக்கிறீர்கள். கையேடு இங்கிலாந்துக் குளிருக்கு எழுதியது. நம் ஊர்க் காலைக்கு அரை இழுப்பே ஜாஸ்தி.

அப்புறம், சூடானதும் நின்று, ஆறினதும் கிளம்பும் கோளாறு. ஈஸ்ட் கோஸ்ட் சாலையோரத்தில் எனக்கு இது நடந்தது. புதிதாகப் போட்ட ரோட்டர் உள்ளுக்குள் விரிசல்விட்டு, பொறி பிளக்குக்குப் போகாமல் நடு அச்சில் இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கி எறியாமல் வைத்திருந்த பழைய ரோட்டரை மாட்டிக்கொண்டுதான் வீடு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு நல்ல ரோட்டரும் கண்டென்சரும் பழைய காலுறைக்குள் சுருட்டி டேஷ்போர்டு தட்டில் கிடக்கின்றன.