உயரம் கூட்டும் மூலிகைப் பொடி வாங்கும் முன்

பிள்ளை வகுப்பில் குள்ளமாக இருக்கிறானே என்ற கவலையில் அமுக்கரா என்னும் அஸ்வகந்தாப் பொடியோ பிரண்டை மாத்திரையோ வாங்க எண்ணும் பெற்றோர், முதலில் அவன் உயரத்தை முறையாக அளக்க வேண்டும். செருப்பின்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படிய, நேராகப் பார்த்தபடி நிற்கவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலை வேளையில் அளந்து தேதியுடன் எழுதிவையுங்கள். மாலையில் உயரம் சற்றுக் குறைந்தே காட்டும்.

கை, கால்களின் நீண்ட எலும்புகளின் முனைகளை ஒட்டியுள்ள வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதியில்தான் எலும்பு நீள்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் செயலால் அது பெண்களுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதிலும், ஆண்களுக்கு 16, 17 வயதிலும் முழு எலும்பாகிவிடுகிறது. அதன் பிறகு எந்த மூலிகையாலும் உயரம் கூடாது. தட்டு மூடிவிட்டதா என்பதை இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் சொல்லிவிடுவார்.

எலும்பு முறிவுக்குப் பிரண்டையைப் பயன்படுத்துவது நம் பழைய வழக்கம். ஆனால் முறிந்த எலும்பு கூடுவது வேறு, வளரும் எலும்பு நீள்வது வேறு. துவையலாகத் தாராளமாகக் கொடுக்கலாம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இளந்தண்டின் கணுவையும் நாரையும் நீக்கி, நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரையுங்கள். வதக்கல் போதாவிட்டால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நாக்கை அரிக்கும். அமுக்கரா விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் வளரும் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், எவற்றுக்கு மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று தரும் அட்டவணையில் உடல் உயரமும் உள்ளது. ஆகவே ‘மூன்றே மாதத்தில் உயரம் கூடும்’ என்று விளம்பரம் செய்யும் மருந்தை அந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்த்துவிடலாம். உரிம எண்ணோ முழு மூலப்பொருள் பட்டியலோ இல்லாத டப்பாவில் ஈயமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கக்கூடும். ஸ்டீராய்டு வளர்ச்சியையே தடுத்துவிடும்.

அந்தப் பணத்தில் பாலும் கேழ்வரகும் முட்டையும் வாங்குவது மேல். 13 முதல் 15 வயது வரை நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் தேவை, 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. கிடைக்கிறது.

ஓராண்டில் 4 செ.மீ. கூட வளராவிட்டாலோ, பெண்ணுக்கு 13 வயதிலும் ஆணுக்கு 14 வயதிலும் பருவ மாற்றம் தொடங்காவிட்டாலோ தாமதிக்காதீர்கள். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு போன்றவற்றைத் தட்டு மூடுவதற்குள் கண்டுபிடித்தால்தான் இழந்த உயரத்தை ஓரளவேனும் மீட்க முடியும். பொடியை நம்பிக் கழியும் மாதங்கள் திரும்பி வாரா. மருத்துவரிடம் செல்லும்போது உயரக் குறிப்பையும், பெற்றோர் இருவரின் உயரத்தையும், ஏற்கெனவே கொடுத்துவரும் பொடியின் டப்பாவையும் மறக்காமல் கொண்டுசெல்லுங்கள்.