சைவச் சாப்பாட்டுல எடை குறைக்கிறவங்க கோட்டை விடுற இடங்கள்

ஜிம்முக்குப் புதுசா வர்ற சைவக்காரங்ககிட்ட நான் மொதல்ல எடை கேக்குறதில்ல. நேத்து காலையிலேர்ந்து ராத்திரி படுக்குற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கன்னுதான் கேப்பேன். காரைக்குடிக்காரங்களா இருந்தாலும் சரி, பள்ளத்தூர் கோட்டையூர்லேர்ந்து வண்டியில வர்றவங்களா இருந்தாலும் சரி, அந்தப் பேப்பர் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். நான் ஆரம்பத்துல பண்ணின அதே தப்புங்க வரிசையா அதுல இருக்கும். அதான் இதை எழுதுறேன். சர்க்கரையைக் குறைங்க, வடை பஜ்ஜியைக் குறைங்க, கூல்ட்ரிங்ஸ் வேணாம்னு இங்க சொல்லப் போறதில்ல, அது சின்னப் புள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சவங்களே, படிச்சவங்களே விடுற தப்புங்களை மட்டும் சொல்றேன்.

"பருப்புதான் தெனம் சாப்பிடுறேனே"

இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு, ஏன்னா இந்த ஒரு தப்புனால ஜனங்க இழக்குறது கொஞ்சநஞ்சம் இல்ல.

தேவகோட்டைப் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க, ஸ்கூல் டீச்சர், 72 கிலோ. ஏற்கெனவே அவங்களாவே சோத்தை அடியோட நிப்பாட்டி, இட்லி தோசையையும் நிப்பாட்டி, மொத ரெண்டு வாரத்துல மூணு கிலோ எறங்கியிருக்கு, வீடே சந்தோஷப்பட்டிருக்கு. அப்புறம் எடை அசையவே இல்ல, தலைமுடி கொத்துக்கொத்தா வருது, ஸ்கூல் மாடிப்படி ஏறுனா காலு நடுங்குது, ஒரு கல்யாண சீசன் வந்து பழையபடி சாப்பிட்டதும் எறங்குன எடை மொத்தமும் ஏறி, இடுப்பு மட்டும் முன்னைவிட அதிகமாயிடுச்சு.

"புரோட்டீன் எதுலேர்ந்துக்கா எடுத்தீங்க?"

"பருப்புதான் தம்பி. 100 கிராம்ல 22 கிராம் இருக்குன்னு போன்ல பாத்தேன், நான் மத்தியானம் ரெண்டு கிண்ணம் சாம்பாரே குடிச்சிருவேன்ல."

"வீட்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு பருப்பு போடுவீங்க?"

"முக்கா ஆழாக்கு."

"எத்தனை பேருக்கு?"

"அஞ்சு பேருக்கு. காலைல இட்லிக்கும் அதான், மத்தியானத்துக்கும் அதான்."

மறுநாள் அந்த ஆழாக்கையும் பருப்பையும் கொண்டுவரச் சொன்னேன். தராசுல போட்டா முக்கா ஆழாக்கு துவரம்பருப்பு 100 கிராம் சொச்சம் வந்துச்சு. அதுல இருக்குறது மொத்தமே 22 கிராம் புரோட்டீன், அதை அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு நாலரை கிராம், அதுவும் ரெண்டு வேளைக்கும் சேத்து. அக்கா ரெண்டு கிண்ணம் குடிச்சாங்கன்னா அஞ்சு, ஆறுன்னு வச்சுக்கலாம். அவங்க மனசுல ஓடுன கணக்கு என்னன்னா, கிண்ணத்துல இருக்குற 200 கிராம் சாம்பாரும் 200 கிராம் பருப்பு. போன்ல போட்டிருக்குற 22 கிராம்ங்கிறது வேகவைக்காத பருப்புக்கு. அது வெந்து தண்ணி குடிச்சு ரெண்டரை மூணு மடங்கு ஆகி, அப்புறம் புளித்தண்ணி, காய், வெங்காயம் எல்லாம் சேந்து ஒரு லிட்டருக்கு மேல சாம்பாரா நிக்குது, அதுல 100 கிராமுக்கு 2 கிராம் புரோட்டீன் இருந்தாலே பெருசு. நம்பிக்கை இல்லேன்னா உங்க வீட்டு சாம்பாரை ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்தி பத்து நிமிஷம் அசைக்காம வைங்க, மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும், அடியில மஞ்சளா படியுது பாருங்க, அவ்வளவுதான் நீங்க சாப்பிட்ட பருப்பு.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, அதை யாருமே யோசிக்கிறதில்ல. நம்ம ஊரு சாப்பாட்டுல புரோட்டீன்ல பெரும்பங்கு வர்றதே அரிசியிலேர்ந்துதான். 100 கிராம் பச்சரிசியோ புழுங்கலரிசியோ, வேகவைக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டா அதுல 7 கிராம் புரோட்டீன் இருக்கு. ஒரு நாளைக்கு சோறு, இட்லி, தோசைன்னு 250 கிராம் அரிசி உள்ள போறவங்களுக்கு அதுலயே 17 கிராம் வந்துடுது. அக்கா சோத்தை நிப்பாட்டுனப்ப கார்ப், அதாவது மாவுச்சத்து, மட்டும் போகல, இருந்த புரோட்டீன்லயும் பெரிய துண்டு போயிடுச்சு, அந்த எடத்துல வந்தது வெள்ளரிக்காயும் சாம்பார் தண்ணியும். அவங்க பேப்பரைக் கூட்டிப் பாத்தா நாள் முழுக்க 25 கிராம்கூட தேறல. ஹைதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல குடுத்த கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம் வேணும், அப்படின்னா 72 கிலோ ஆளுக்கு 60 கிராம். எடை குறைக்கிற சமயத்துல அதைக் கிலோவுக்கு 1.2 கிராம் வரைக்கும் ஏத்துனா இன்னும் நல்லது, கிட்னியில பிரச்சினை இருக்குறவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம ஏத்தக்கூடாது.

அப்ப அந்த மொத மூணு கிலோ? பெரும்பாலும் தண்ணிங்க அது. நம்ம உடம்பு கார்ப்பை ஈரல்லயும் சதையிலயும் கிளைக்கோஜனா அரைக்கிலோ கிட்ட சேத்து வச்சிருக்கும், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் கூட மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், கார்ப்பை வெட்டுன ஒரு வாரத்துல அது காலியாகி தராசு முள்ளு சரசரன்னு எறங்கும். கொழுப்பு அவ்வளவு வேகமா கரையாது. அதுக்கப்புறம் எறங்குனதுல நல்ல பங்கு சதை, ஏன்னா சாப்பாட்டுல புரோட்டீன் இல்ல, சதைக்கு வேலை குடுக்குற எக்சர்சைஸும் இல்ல, உடம்பு இருக்குறதை உடைச்சுத்தான் எடுத்துக்கும். திரும்பிச் சாப்பிடும்போது ஏறுறது கொழுப்பு. நாப்பது வயசுக்கு மேல போன சதையைத் திருப்பிக் கொண்டுவர எத்தனை மாசம் ஆகும்னு என்கிட்ட வர்றவங்களைக் கேட்டுப் பாருங்க. சோறுதான் எதிரின்னு வீடியோ போடுறவங்க இந்தச் சேதாரத்தைப் பாக்குறதே இல்ல, அதான் கோவம் வருது.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்குறவங்க திடீர்னு சோத்தை நிப்பாட்டவே கூடாது. மருந்தோட அளவு நீங்க சாப்பிடுற கார்ப்பைக் கணக்குல வச்சுக் குடுத்தது. கார்ப் இல்லாம மருந்து மட்டும் உள்ள போனா சுகர் லோ ஆகி மயக்கம் வரலாம், தனியா இருக்குற நேரம்னா உயிருக்கே ஆபத்து.

சரி, என்ன பண்ணணும்? பருப்பை வேகவைக்கிறதுக்கு முன்னாடி அளந்து, தலைக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. ஆளுக்கு 50 கிராம் வரணும், அது 11 கிராம் புரோட்டீன். ஒரு கிண்ணம் சுண்டல், காஞ்ச பயறா 40 கிராம் ஊறப்போட்டது, அது எட்டு. பாலும் தயிரும் சேத்து 400 மில்லி, அது பதிமூணு. பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, ஆறு. மீதி 150 கிராம் அரிசியில பதினொண்ணு. கூட்டிப் பாருங்க, 50 கிட்ட வந்துடுது, 60 கிலோ ஆளுக்கு இது போதும். அந்த அக்காவுக்கு இதோட வேகவைக்காத எடையில 20 கிராம் சோயா சங்க்ஸைச் சேத்தோம், அதுல பத்து கிராம். எதுவும் அமெரிக்காவுலேர்ந்து வரவழைக்க வேண்டியதில்ல. நம்ம பருப்பு உருண்டைக் குழம்பு இருக்கே, அதையே உருண்டையைப் பொரிக்காம ஆவியில வேகவச்சு குழம்புல போட்டா, மூணு உருண்டையில ஒரு ஆளோட நாள் பருப்பு அப்படியே உள்ள போயிடும். இதைவிட வசதியான சமையல் எனக்குத் தெரியல.

பருப்பு தனியா, அரிசி தனியா அரைகுறைப் புரோட்டீன்னு சிலர் பயமுறுத்துவாங்க. புரோட்டீனைக் கட்டுற அமினோ அமிலங்கள்ல லைசின்ங்கிறது அரிசியில கம்மி, மெத்தியோனைன்ங்கிறது பருப்புல கம்மி, ரெண்டும் சேந்தா ஒண்ணோட குறையை இன்னொண்ணு தீர்த்துடும். ஒரே தட்டுல, ஒரே வேளையில சேரணும்னுகூட இல்ல, ஒரு நாளுக்குள்ள சேந்தா சரி. சோத்தை அடியோட விட வேணாம்னு நான் அடிச்சுச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பருப்பை ஏத்திட்டு சோத்தைக் குறைக்காம விடுறது

மேல சொன்னதைப் படிச்சிட்டு நாளையிலேர்ந்து சோறும் அதே அளவு, பருப்பும் டபுள்னு எறங்கிடாதீங்க. துவரம்பருப்புல 100 கிராமுக்கு 60 கிராம் கிட்ட கார்ப்தான், கொண்டைக்கடலையும் அப்படித்தான். நார்ச்சத்து இருக்கு, பசி தாங்கும், சுகரும் மெதுவா ஏறும், எல்லாம் சரி, ஆனா கலோரி கலோரிதான். பருப்பு எவ்வளவு ஏறுதோ அந்த அளவுக்கு அரிசி எறங்கணும். தட்டுல சோத்தை மொதல்ல போட்டு அதுக்கு மேல குழம்பு ஊத்துற பழக்கத்தை மாத்தி, கெட்டிப் பருப்பும் காயும் மொதல்ல வச்சு மிச்ச எடத்துல சோறு போடச் சொல்வேன். அளவு தன்னால குறையும்.

கவுனி அரிசியும் சிறுதானியமும்

கவுனி அரிசி நம்ம ஊரு சொத்து, அதுல எனக்கு ரெண்டாம் பேச்சு இல்ல. ஆனா எடை குறையும்னு சொல்லி ஒரு வீட்டுல வாரத்துல நாலு நாள் கவுனி செஞ்சாங்க, எப்படின்னா ராத்திரி முழுக்க ஊறவச்சு, குழைய வேகவச்சு, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய்னு விருந்துக்குச் செய்யுற அதே பக்குவத்துல. அரிசி கறுப்பா இருக்குறதனால சர்க்கரையோட கலோரி கொறையாது. வெறும் கவுனியாவே வேகவச்சாலும் நார்ச்சத்து கொஞ்சம் கூட இருக்கும், கலோரி வெள்ளை அரிசிக்குப் பக்கத்துலதான் நிக்கும். கேழ்வரகு, தினை, சாமை எல்லாத்துக்கும் இதே கதைதான், 100 கிராமுக்கு 320லேர்ந்து 350 கலோரி. பசி அடங்குறதனால கம்மியா சாப்பிடுவீங்கன்னா லாபம், அஞ்சு தோசை சாப்பிட்ட எடத்துல அஞ்சு ராகி தோசை சாப்பிட்டா ஒண்ணும் மாறாது.

மாவுருண்டை

பாசிப்பருப்புதானே, புரோட்டீன்தானேன்னு கேக்குறாங்க. மாவு எவ்வளவோ அதே அளவு சர்க்கரை, அது உருண்டை பிடிக்கிற வரைக்கும் உருக்குன நெய். ஒரு உருண்டையில ரெண்டு கிராம் சொச்சம் புரோட்டீன் வந்தா அதிகம். ஆடிக் கும்மாயமும் இப்படித்தான். பலகாரத்தைப் பலகாரமாவே சாப்பிடுங்க, ஆசையா ஒண்ணு, நிம்மதியா ஒண்ணு, அதைப் புரோட்டீன் கணக்குல எழுதாதீங்க.

நெலக்கடலை, முந்திரி, பனீர்

இதெல்லாம் புரோட்டீன் உள்ளதுதான், ஆனா புரோட்டீனைவிடக் கொழுப்பு அதிகம். ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, புரோட்டீன்லயும் கார்ப்லயும் 4தான். நெலக்கடலை 30 கிராம்ல 7 கிராம் புரோட்டீன், கூடவே 170 கலோரி. டிவி பாத்துக்கிட்டே கொறிக்கும்போது யாரும் 30 கிராம்ல நிறுத்துறதில்ல. பனீர் 50 கிராம் எடுத்தா 9 கிராம் வரும், நல்லதுதான், எண்ணெய்ல பொரிக்காம போடுங்க.

புரோட்டீன் பவுடர்

மொதல்ல வீட்டுப் பருப்பை அளந்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

நடை மட்டும் போதும்னு இருக்குறது

போதாது. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் வெயிட் தூக்குங்க.

உடம்பு அசதியை எல்லாம் புரோட்டீன் தலையில போடுறது

வைட்டமின் பி12 டெஸ்ட் எடுத்துப் பாருங்க. செடி கொடியில அது கெடையாது, சைவத்துல பாலும் தயிரும்தான் வழி, அதையும் குறைச்சவங்களுக்குக் கண்டிப்பா பாக்கணும்.

ஒருபொழுது

கார்த்திகை, சஷ்டின்னு மாசத்துல சில நாள் ஒருபொழுது இருக்குறவங்க நம்ம பக்கம் ஏராளம், தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியா பழனிக்கு நடக்குறவங்க அதுக்கு முன்னாடி நாள்கணக்குல விரதமாவே இருப்பாங்க. விரதத்தை எடை குறைக்கிற வழியா பாக்காதீங்க, அது சாமிக்கு இருக்குறது, அதை அப்படியே விடுங்க. ஆனா தப்பு எங்க நடக்குதுன்னா, சாப்பிடுற அந்த ஒரு வேளையில இலை நெறைய சோறும் வத்தக்குழம்பும் அப்பளமும் பாயசமும் போகும், ராத்திரிக்கு ரவா உப்புமா, வாழைப்பழம், நாள் முழுக்க கார்ப் தவிர வேற ஒண்ணுமே இருக்காது. அந்த ஒரு வேளையில கெட்டிப் பருப்பை ரெண்டு மடங்கா வைங்க, கூட்டைப் பாசிப்பருப்பு நெறையப் போட்டு கெட்டியா செய்யுங்க, தயிர் ஒரு பெரிய கிண்ணம். ராத்திரி உப்புமாவுக்குப் பதிலா ஒரு டம்ளர் பாலும் உப்பு போட்டு வேகவச்ச பாசிப்பயறும் எடுத்துக்கலாம், விரதத்துக்கு உப்பு சேக்காத வீடுன்னா பயறுல தேங்காய்ப்பூ மட்டும் தூவிக்கோங்க. நடைபயணம் போறவங்க இடுப்புப் பையில பொட்டுக்கடலை ஒரு பொட்டலம் வச்சுக்கோங்க, மாத்திரை போடுறவங்க கெளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே டாக்டரைப் பாத்து விரத நாளுக்கு என்ன டோஸ்னு எழுதி வாங்கிட்டுப் போங்க.