ஓசூர் எந்த மாவட்டம்? இணைப்புத் தரவில் தேதி வழுக்கும் இடங்கள்

சேலத்தில் எங்கள் வீட்டுப் பீரோவில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று கிடக்கிறது. ‘சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா’ என்று போட்டிருக்கும். பத்திரத்தில் தப்பில்லை, எழுதிய நாளில் அதுதான் உண்மை. 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதனுடன் போனது. 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது அதனுடன்.

இணைப்புத் தரவு என்பது கணினிகள் படித்து ஒன்றோடொன்று கோக்கும்படி எழுதும் தரவு. அதில் இதை ஆர்.டி.எஃப். ட்ரிபிளாக, அதாவது ‘பொருள் – பண்பு – மதிப்பு’ என்ற மூன்று துண்டுக் கூற்றாக எழுதுகிறவர்கள் பலர் பழையதை அழித்துவிட்டு ‘ஓசூர் – மாவட்டம் – கிருஷ்ணகிரி’ என்று மட்டும் வைக்கிறார்கள். வரலாறு போச்சு. அதைவிட மோசம், தேதிகளை ஓசூரின் மேலேயே மாட்டுவது. மூன்று மாவட்டங்கள், இரண்டு தொடக்க நாள்கள், இரண்டு முடிவு நாள்கள். ட்ரிபிள்களுக்கு வரிசை கிடையாது; எந்தத் தேதி எந்த மாவட்டத்துக்கு என்று தரவிடம் கேட்கும் எந்தக் கேள்வியாலும் (வினவல்) பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, ஓசூர் என்ற ஊரே 1965-இல் பிறந்த மாதிரி ஆகிவிடும்! தேதி ஊருடையது அல்ல, ஊருக்கும் மாவட்டத்துக்குமான உறவுடையது. அந்த உறவைத் தனிக் கணுவாக்கி (தரவு வலையில் தனி அடையாளம் உள்ள ஒரு புள்ளி), தொடக்கத்தையும் முடிவையும் அதில் தொங்கவிட வேண்டும். விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கித்தரவின் கூற்றுகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

அங்கேயும் சிலர் காலம் முடிந்த கூற்றை ‘டெப்ரிகேட்டட்’ என்ற தரத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். அது தவறான தகவலுக்கான முத்திரை. தாத்தாவின் பத்திரத்தைப் போலி என்று சொல்வதற்குச் சமம். முடிவு நாளைப் போட்டு சாதாரணத் தரத்திலேயே விடுங்கள். நடப்பில் இருப்பதை ‘ப்ரிஃபர்டு’ (முன்னுரிமைத் தரம்) ஆக்கினால் எளிய வினவலுக்கு அது மட்டும் வரும்.

அப்புறம், ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று நிரப்பிவிடும் பழக்கம். நாமக்கல் மாவட்டம் நிஜமாகவே 1997 ஜனவரி 1-இல்தான் தனியாக இயங்கத் தொடங்கியது. நிரப்பிய ஜனவரிகளுக்கு நடுவே அந்த நிஜ ஜனவரியை எப்படிக் கண்டுபிடிப்பது? துல்லியம் ஆண்டு அளவிலா நாள் அளவிலா என்று தனியே குறித்து வைக்க வேண்டும்.

பெயர் மாறாமல் எல்லை மட்டும் மாறுவதுதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை 34,82,056. 1991-இல் அதே பெயருக்குள் நாமக்கல்லும் இருந்தது. இரண்டையும் ஒரே கணுவில் வைத்து வரைபடம் போட்டால் சேலம் சுருங்கிப்போனது போலத் தெரியும். நான் ஒருமுறை அப்படிப் போட்டுவிட்டு, இத்தனை ஜனங்கள் எங்கே போனார்கள் என்று அரை நாள் தேடினேன். எல்லாரும் நாமக்கல்லில் சௌக்கியமாக இருந்தார்கள்.