பரப்பின் மேல் ஒரு மூலக்கூறு: ஓட்டத்தையும் ஆற்றல் இழப்பையும் நீங்களே கணக்கிடலாம்

வாயுவிலிருந்து ஒரு மூலக்கூறு திண்மப் பரப்பின் மேல் வந்து விழுகிறது. ஒட்டுமா, துள்ளித் திரும்புமா? ஒட்டினால் அங்கேயே கிடக்குமா, இடம் மாறுமா? வினையூக்கி வேலை செய்யும் விதமும் சிப்புகளில் மெல்லிய படலம் வளரும் விதமும் இதைப் பொறுத்தவைதான். ஒரு கணிப்பான், கட்டம் போட்ட தாள், இரண்டு நாணயங்கள் இருந்தால் தோராயமான விடையை நீங்களே எட்டிவிடலாம்.

படி 1: பரப்பைக் கண்முன் கொண்டுவருங்கள்

அணுக்கள் அடுக்கிய பரப்பு, மூலக்கூறுக்கு முட்டை அட்டை மாதிரி. குழியில் இருப்பது வசதி. அடுத்த குழிக்குப் போக நடுவிலுள்ள மேட்டை ஏற வேண்டும். மேட்டின் உயரத்துக்கு ஆற்றல் தடை என்று பெயர். எலக்ட்ரான் வோல்ட் என்ற மிகச் சிறிய ஆற்றல் அலகில் அளப்பார்கள். செம்பில் அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே 0.255 நானோமீட்டர். குழிகளுக்கு இடையேயும் அதே தூரம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: மோதலில் போகும் ஆற்றல்

வரும் துகளின் நிறையைப் பரப்பு அணுவின் நிறையால் வகுங்கள். கிடைக்கும் விகிதத்தை 4-ஆல் பெருக்கி, அதே விகிதத்தோடு 1-ஐக் கூட்டி வரும் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரு நேர்மோதலில் பறிபோகும் பங்கு தெரியும்.

செம்பின் (அணு நிறை 63.5) மேல் ஹீலியம் (4) மோதினால் சுமார் 22 விழுக்காடு. ஆர்கான் (40) என்றால் சுமார் 95. எடை குறைந்தவை எளிதில் துள்ளிப் போவதும், கனமானவை ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். பரப்பு அணு தனியாக அசையாமல் நிற்பதாக இந்தச் சூத்திரம் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது அக்கம்பக்கத்து அணுக்களோடு பிணைந்திருக்கிறது. அதனால் இதை ஒரு முதல் மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: நொடிக்கு எத்தனை தாவல்?

குழிக்குள் மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கோடி முறை அதிர்கிறது. ஒவ்வோர் அதிர்வும் மேட்டைத் தாண்ட ஒரு முயற்சி. எத்தனை முயற்சி பலிக்கும் என்பதை அர்ரீனியஸ் சமன்பாடு சொல்கிறது.

வெப்பநிலையை (கெல்வினில்) 0.00008617-ஆல் (போல்ட்ஸ்மன் மாறிலி) பெருக்குங்கள். ஆற்றல் தடையை அந்த எண்ணால் வகுங்கள். வந்த விடைக்கு எதிர்க்குறி போட்டு, கணிப்பானில் 'இ அடுக்கு எக்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். அப்புறம் பத்து லட்சம் கோடியால் பெருக்குங்கள்.

தடை 0.5 எலக்ட்ரான் வோல்ட் என்றால்:

200 கெல்வின்: நொடிக்கு 2 அல்லது 3 தாவல்
300 கெல்வின்: சுமார் 40,000
400 கெல்வின்: சுமார் 50 லட்சம்

100 கெல்வினுக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு தாவலுக்குச் சுமார் 50,000 ஆண்டுகள்! வெப்பநிலை கொஞ்சம் மாறினாலே எல்லாம் தலைகீழாகிறது என்பதை இந்த எண்கள் காட்டுவது போல எந்த விளக்கமும் காட்டாது.

படி 4: எவ்வளவு தூரம் போகும்?

இரண்டு நாணயங்களையும் சுண்டுங்கள். இரண்டும் தலை என்றால் மேலே, இரண்டும் பூ என்றால் கீழே, முதலாவது மட்டும் தலை என்றால் இடது, இரண்டாவது மட்டும் தலை என்றால் வலது. தாளில் ஒவ்வொரு கட்டமாக நகருங்கள். 16 முறை நகர்ந்தபின் தொடங்கிய இடத்திலிருந்து தூரத்தை அளந்து, பல தடவை செய்து பாருங்கள். தூரங்களின் வர்க்கங்களைச் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டால் 4 கட்டத்தை ஒட்டி வரும், அதாவது 16-இன் வர்க்கமூலம்.

300 கெல்வினில் 40,000 தாவலுக்கு 200 குழி தூரம், சுமார் 51 நானோமீட்டர்.

படி 5: ஆற்றல் எந்த வழியாக வெளியேறுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மேட்டைத் தாண்டி இறங்கும் மூலக்கூறு வேகத்தோடு வருகிறது. அந்த ஆற்றல் போனால்தான் அது புதுக் குழியில் தங்கும். போகாவிட்டால் ஒரே மூச்சில் இரண்டு மூன்று குழி தாண்டிவிடும்.

வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பரப்பு அணுக்களின் கூட்டு அதிர்வான போனான். இன்னொன்று, உலோகத்தில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும் எலக்ட்ரான்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை கார்பன் மோனாக்சைடு அழகாகக் காட்டுகிறது. அதன் உள் அதிர்வின் ஆற்றல் சுமார் 0.26 எலக்ட்ரான் வோல்ட். செம்பிலும் சரி, சோடியம் குளோரைடிலும் சரி, ஒரு போனான் கொண்டுபோகக்கூடியது அதிகபட்சம் ஏறக்குறைய 0.03. பல போனான்கள் ஒரே நேரத்தில் கைகொடுக்க வேண்டும், அது அரிது. அதனால் உப்பின் மேல் அந்த அதிர்வு அடங்க ஏறத்தாழ 4 மில்லி நொடி ஆகிறது. செம்பின் மேலோ எலக்ட்ரான்கள் அதை 2 பிகோ நொடி (பிகோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவில் வாங்கிக்கொள்கின்றன. சுமார் 200 கோடி மடங்கு வேறுபாடு!

ஆற்றல் வெளியேறும் வழிதான் உள்ளே வரும் வழியும். மேடு ஏறத் தேவையான ஆற்றலைப் பரப்புதான் தருகிறது. ஆகவே உராய்வு, அதாவது மூலக்கூறும் பரப்பும் ஆற்றலைப் பரிமாறிக்கொள்ளும் வேகம், மிகக் குறைந்தாலும் தாவல் குறையும், மிக அதிகரித்தாலும் குறையும். 1940-இல் டச்சு இயற்பியலாளர் கிராமர்ஸ் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

படி 6: எங்கே இந்தக் கணக்கு உடைகிறது?

படி 3-இல் தடையை 0.1 ஆக்கி, 300 கெல்வினுக்குப் போடுங்கள். சுமார் 5 பிகோ நொடிக்கு ஒரு தாவல் வரும். ஆற்றல் வெளியேறவே அதே அளவு நேரம் பிடித்தால், மூலக்கூறு எந்தக் குழியிலும் அடங்கி உட்காருவதில்லை. தாவல் என்ற படமே பொருந்தாமல் போகிறது. இங்கே உராய்வையும் சேர்த்து இயக்கச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். இந்த நேர அளவில் நடப்பதை நேரடியாக அளக்க, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஹீலியம்-3 அணுக்கற்றையைப் பரப்பின் மேல் செலுத்தி, அது சிதறுவதை வைத்து மூலக்கூறுகளின் நகர்வைப் பின்தொடர்கிறார்கள்.